அத்தையின் உயில்: என் நாட்குறிப்பு

மார்ச் 9, 2023

காரியம் முடிந்து உறவுக்காரர்கள் ஊர் திரும்பிவிட்டார்கள். அத்தையின் பீரோவில் இருந்த உயிலை இன்று அப்பாவுக்கும் அக்காவுக்கும் படித்துக் காட்டினேன். 2011-இல் எழுதியது, வெள்ளைத்தாளில் தட்டச்சு செய்த மூன்று பக்கம். புரசைவாக்கம் ஃபிளாட்டும் வங்கி டெபாசிட்டும் அக்காவுக்கு. நகை எனக்கும் என் தங்கைக்கும். புத்தகங்கள் அத்தை பாடம் நடத்திய பள்ளிக்கூடத்துக்கு. உயிலை நிறைவேற்றும் பொறுப்பு என் பெயரில்.

அக்கா என்று நாங்கள் கூப்பிடுவது அத்தையோடு இருபது வருடத்துக்கு மேல் இருந்தவரை. சமையலுக்கு வந்தவர், கடைசிக் காலத்தில் அத்தையைக் குளிப்பாட்டி, சோறூட்டி, ராத்திரியெல்லாம் கண்விழித்துப் பார்த்துக்கொண்டவர். தன் பெயர் வந்ததும் எழுந்து அடுப்படிக்குள் போய்விட்டார்.

“பத்திரத்தாள்ல இல்லையேம்மா, ரிஜிஸ்டரும் பண்ணலை. செல்லுமா?” என்று அப்பா கேட்டார். செல்லும். உயிலுக்கு முத்திரைத்தாள் வேண்டாம், பதிவும் கட்டாயமில்லை. எழுதியவர் கையெழுத்தும் இரண்டு சாட்சிகளின் கையெழுத்தும் இருக்க வேண்டும். மூன்றும் இருக்கின்றன.

மார்ச் 17

தம்புச் செட்டித் தெருவில் வக்கீலைப் பார்த்தேன். ‘ப்ரொபேட் வாங்காமல் இந்த வீட்டில் ஒன்றும் செய்ய முடியாது’ என்றார். அதாவது, இது அத்தையின் கடைசி உயில்தான் என்று உயர் நீதிமன்றம் முத்திரை போட்டுத் தர வேண்டும். 1925-ஆம் ஆண்டு இந்திய வாரிசுரிமைச் சட்டத்தின் 213-ஆம் பிரிவு. இந்துக்களைப் பொறுத்தவரை, சென்னை, மும்பை, கொல்கத்தா உயர் நீதிமன்றங்களின் அசல் அதிகார எல்லைக்குள் (அவை வழக்கை முதல் கட்டத்திலேயே நேரடியாக விசாரிக்கும் நகர எல்லை) எழுதிய உயிலுக்கும், அங்கே இருக்கும் அசையாச் சொத்தைப் பற்றிய உயிலுக்கும்தான் இந்தக் கட்டாயம். இதே உயிலைச் சேலத்தில் இருந்துகொண்டு சேலத்து வீட்டுக்கு எழுதியிருந்தால் தேவைப்பட்டிருக்காது. வெள்ளைக்காரன் காலத்து மூன்று நகரங்களுக்கு மட்டும் தனி விதி ஏன் இன்னும் நீடிக்க வேண்டும் என்பது எனக்கு விளங்கவில்லை. (பின்குறிப்பு: இந்த 213-ஆம் பிரிவை 2025-இல் நீக்கிவிட்டார்கள்.)

மார்ச் 18

நேற்று வக்கீல் சொன்ன இன்னொரு விஷயம் ராத்திரி தூங்கவிடவில்லை.

மனுவில் அத்தையின் நெருங்கிய வாரிசுகளைக் காட்ட வேண்டும். நான் அப்பாவின் பெயரைச் சொன்னேன். கூடப்பிறந்த ஒரே அண்ணன் அவர்தானே. வக்கீல் தலையாட்டிவிட்டு, “உங்க மாமா வழிச் சொந்தம் யார் யார் இருக்காங்க?” என்று கேட்டார்.

1956-ஆம் ஆண்டு இந்து வாரிசுரிமைச் சட்டம், பிரிவு 15. உயில் எழுதாமல் ஒரு பெண் இறந்தால் அவள் சொத்து முதலில் பிள்ளைகளுக்கும் கணவனுக்கும் போகும். அவர்கள் யாரும் இல்லையென்றால் கணவனின் வாரிசுகளுக்கு. அதற்குப் பிறகுதான் பெற்ற தாய் தகப்பன், அதற்கும் பின்னால்தான் கூடப்பிறந்தவர்கள். அப்பா அம்மாவிடமிருந்து வந்த சொத்து மட்டும், பிள்ளை இல்லாவிட்டால் தகப்பன் வழிக்குத் திரும்பும். அவள் சம்பாதித்ததற்கு அந்த வழி கிடையாது. சொந்தச் சம்பாத்தியமும் கணவன் வீட்டாருக்கே என்று 2009-இல் உச்ச நீதிமன்றமும் தீர்ப்புச் சொல்லியிருக்கிறது. கல்யாணமாகிச் சில மாதங்களிலேயே விதவையான ஒரு பெண், பிறந்த வீட்டின் ஆதரவில் படித்து, வேலை பார்த்துச் சேர்த்த பணம். அதுவும் கணவனின் கூடப்பிறந்தவளுடைய பிள்ளைகளுக்குப் போயிற்று.

மாமா இறந்தது 1988-இல். அத்தை ஃபிளாட் வாங்கியது 1996-இல், வீட்டுக்கடன் போட்டு. தவணை முழுவதும் அவர் சம்பளத்தில் பிடித்தது. ஆண்பிள்ளை பிள்ளையில்லாமல் செத்தால் அவன் சொத்தை மனைவியின் அண்ணன் தம்பிகளிடம் கொடு என்று எந்தச் சட்டமும் சொல்வதில்லை. பெண் உழைத்த காசுக்கு மட்டும் ஏன் இந்த நியாயம்? இதைப் படிக்கும் பிள்ளையில்லாத பெண்கள், கணவனை இழந்தவர்கள், தனியாக இருப்பவர்கள் எல்லோரையும் கேட்டுக்கொள்கிறேன்: தயவுசெய்து உயில் எழுதுங்கள். அந்த மூன்று பக்கம் இல்லாவிட்டால் அக்கா இந்நேரம் நடுத்தெருவில் நின்றிருப்பார்.

ஏப்ரல் 6

இனிஷியல் பிரச்சினை. எஸ்.எஸ்.எல்.சி. புத்தகத்திலும் பணிப்பதிவேட்டிலும் தாத்தாவின் இனிஷியல். கிரயப் பத்திரத்திலும் ஆதாரிலும் மாமாவுடையது. உயிலில் அத்தை இரண்டையும் எழுதியிருக்கிறார், கெட்டிக்காரி. இரண்டு பெயரும் ஒருவரே என்று ஒரு பிரமாணப் பத்திரம் தயாராகிறது. இறப்புச் சான்றிதழை மாநகராட்சி இணையதளத்திலேயே இறக்கிக்கொண்டேன்.

ஏப்ரல் 22

சாட்சிகளில் ஒருவர் அத்தையின் தலைமையாசிரியை. அவர் காலமாகிவிட்டார். இன்னொருவர் கீழ்வீட்டுப் பையன், இப்போது கோயம்புத்தூரில் குடும்பத்தோடு இருக்கிறார். ஒரு சாட்சி உயிரோடு இருந்தாலும் போதும் என்று வக்கீல் சொன்ன பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது. போனில் பேசினேன். “டீச்சர் என் கண்ணு முன்னாடிதான் கையெழுத்துப் போட்டாங்க. அப்புறம் ஹெச்.எம். போட்டாங்க, கடைசியா நான் போட்டேன். அதைக் கோர்ட்டுக்கு வந்து சொல்லணும்னாலும் வர்றேன்” என்றார். கேட்க வேண்டியதும் அதுதான். எழுதியவர் கையெழுத்திட்டதைச் சாட்சி பார்த்திருக்க வேண்டும், அல்லது அது தன் கையெழுத்துதான் என்று அவர் வாயால் கேட்டிருக்க வேண்டும். எழுதியவர் முன்னிலையில் சாட்சியும் கையெழுத்துப் போட்டிருக்க வேண்டும். உயிலுக்கு உங்களைவிடச் சின்னவர்களைச் சாட்சியாகப் பிடியுங்கள்.

ஜூன் 11

மே மாதம் நீதிமன்றத்துக்குக் கோடை விடுமுறை. அந்த இடைவெளியில் மாமா வீட்டுச் சொந்தங்களைத் தேடிப் போனோம். திருச்சியில் மாமாவின் தம்பி இருக்கிறார். மாமாவின் மறைந்த அண்ணனுக்கு ஒரு மகன், ஒரு மகள். அத்தை இறந்தது அந்த மகளுக்கு நாங்கள் சொல்லித்தான் தெரியும்.

திருச்சிக்காரர் தங்கமான மனிதர். “அண்ணி சம்பாதிச்சது, அவங்க இஷ்டம்” என்று சம்மதப் பிரமாணத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டார். மகன்தான் தயங்கினார். “சித்தப்பா பணத்துல சித்தி வாங்கின வீடுன்னு எங்க வீட்ல சொல்லுவாங்க. அதை வேலைக்காரம்மாவுக்குக் கொடுக்கறதா?” அவர் கேவியட் (ஆட்சேப மனு) போட்டுவிட்டால் மனு, வழக்காக மாறிவிடும். அப்புறம் விசாரணை, குறுக்கு விசாரணை என்று வருடக்கணக்கில் இழுக்கும். கடன் புத்தகத்தையும் சம்பளப் பிடித்தத் தாள்களையும் அவர் முன் வைத்தேன். அவர் தங்கைதான் ஒவ்வொன்றாகப் புரட்டினார். புரட்டிவிட்டு, “அண்ணா, சித்தி படுத்துக் கிடந்தப்போ நாம யாரும் போய் எட்டிப் பார்க்கலை” என்றார். இருவரும் கையெழுத்திட்டார்கள்.

ஜூலை 20

மனு தாக்கல் ஆனது. சொத்து மதிப்புப் பட்டியல், சாட்சியின் பிரமாணம், சம்மதங்கள், கோர்ட் கட்டணம் எல்லாம் சேர்த்து. அசல் உயில் இனி நீதிமன்றப் பாதுகாப்பில். ஆட்சேபம் இருப்பவர்களுக்குத் தெரிவிக்க ஒரு தமிழ் நாளிதழிலும் ஓர் ஆங்கில நாளிதழிலும் அறிவிப்பு வரும்.

டிசம்பர் 17

அத்தை டெபாசிட்டுக்கு அப்பாவை நாமினியாகப் போட்டிருந்தார். வங்கி பணத்தை அப்பாவிடம் கொடுத்து மாதங்கள் ஆகின்றன. அவர் அதைத் தனிக் கணக்கில் போட்டு ஒரு ரூபாய்கூடத் தொடவில்லை. கோயிலில் பழக்கமானவர்கள், “உங்க பேர்ல வந்த பணம் சார், உங்களுக்குத்தான்” என்கிறார்களாம். இல்லவே இல்லை. நாமினி பணத்தை வாங்கி வைத்திருப்பவர், அவ்வளவுதான். உரிமை, உயிலில் உள்ளவருக்கு அல்லது வாரிசுக்கு. ஆயுள் காப்பீட்டுக்கு 1983-லேயே உச்ச நீதிமன்றம் இதைச் சொல்லியிருந்தது (நெருங்கிய குடும்பத்தார் நாமினியாக இருந்தால் காப்பீட்டுக்கு மட்டும் 2015-இல் விதி மாறியது). கம்பெனிப் பங்குகளுக்கும் அப்படித்தான் என்று இந்த வாரம், 14-ஆம் தேதி, தீர்ப்பு வந்திருக்கிறது. அப்பாவுக்குப் படித்துக் காட்டினேன். “எனக்குத் தீர்ப்பு எதுக்கும்மா, தங்கச்சி எழுதி வெச்சிருக்காளே” என்றார்.

மார்ச் 14, 2024

ப்ரொபேட் கிடைத்துவிட்டது. நீதிமன்ற முத்திரை, பின்னால் இணைத்த உயிலின் நகல். மாஸ்டர் நீதிமன்றத்தில் (சாட்சியம் பதிவு செய்யும் உயர் நீதிமன்ற அதிகாரி முன்) என்னையும் சாட்சியையும் விசாரித்தது நினைத்ததைவிடச் சுருக்கமாக முடிந்தது, கோயம்புத்தூரிலிருந்து அவர் சொன்னபடியே வந்திருந்தார். ஆறு மாதத்துக்குள் சொத்துப் பட்டியலும், ஒரு வருடத்துக்குள் வரவு செலவுக் கணக்கும் தாக்கல் செய்ய வேண்டும் என்பது என் கடமை.

ஜூன் 2, 2024

நிறைவேற்றுபவர் ஒப்புதல் தந்தால்தான் உயிலில் உள்ளவரின் உரிமை முழுமையாகும். அதை எழுத்தில் கொடுத்துவிட்டேன். டெபாசிட் பணம் அக்கா கணக்குக்குப் போய்விட்டது. சொத்துவரி, குடிநீர், மின் இணைப்புப் பெயர் மாற்றங்களுக்கு விண்ணப்பித்தாயிற்று. புத்தகங்களைப் பள்ளி வந்து எடுத்துக்கொண்டது.

அக்கா இன்று என்னைத் தனியாகக் கூப்பிட்டு, “பாப்பா, எனக்கு ஒண்ணுன்னா இந்த வீடு அந்த ஆளுக்கா போகும்?” என்று கேட்டார். கல்யாணமான மறுவருடமே விட்டுவிட்டு ஓடிய கணவர். விவாகரத்து ஆகவில்லை, பிள்ளையும் இல்லை. சட்டப்படி அவருக்குத்தான் போகும் என்றேன். அக்கா தன் தங்கை மகளின் பெயரைச் சொன்னார். அடுத்த வாரம் வக்கீலிடம் கூட்டிப் போகிறேன். என் தங்கையும் எதிர்வீட்டுப் பெண்ணும் சாட்சி. இருவருக்கும் முப்பதுகூட ஆகவில்லை.