பெத்தது எட்டு, நிக்கறது அஞ்சு

தருமபுரி மாவட்டத்தில் கிராம சுகாதார செவிலியராக நான் சேர்ந்தது தொண்ணூறுகளின் நடுவில். கைக்கு வந்த முதல் கனமான பொருள், தகுதியுள்ள தம்பதியர் பதிவேடு. மணமான பெண் ஒவ்வொருத்திக்கும் அதில் ஒரு வரி: பிறந்த குழந்தைகள், உயிரோடு இருப்பவை, கடைசிக் குழந்தையின் வயது, என்ன கருத்தடை முறை. எத்தனாவது வரை படித்தாள் என்பதை நானே ஓரத்தில் பென்சிலால் குறித்துவைப்பேன். படித்தவள் குறைவாகப் பெறுவாள், படிக்காதவள் நிறையப் பெறுவாள் என்று பயிற்சியில் சொல்லி அனுப்பியிருந்தார்கள். பென்சில் குறிப்புகள் அதற்கு ஒத்துவரவில்லை. கைநாட்டு வைக்கிற பெண்களும் இரண்டோடு நிறுத்திக்கொண்டிருந்தார்கள்.

ஒரு வீட்டைச் சொல்கிறேன். அந்த வீட்டுப் பாட்டிக்கு அப்போது ஐம்பது இருக்கும். "எத்தனை புள்ளைங்க ஆயா?" என்று கேட்டால், "பெத்தது எட்டு, மண்ணுல மூணு, நிக்கறது அஞ்சு" என்பார். குரலில் ஏற்ற இறக்கம் இருக்காது. எட்டும் வீட்டுப் பிரசவம். நாலைந்து பிள்ளையாவது நிற்க வேண்டுமானால் கூடப் பெற்றுத்தான் ஆக வேண்டும் என்பது அவர் காலத்து நியாயம். பையன் ஏழு வயதில் ஆடு ஓட்டப் போய்விடுவான். பெண் அதற்கு முன்பே இடுப்பில் தம்பியைச் சுமப்பாள். பிள்ளையால் செலவு என்று பெரிதாக எதுவும் இல்லை.

அப்படிச் சுமந்த மூத்த மகள் மூணாவதோடு பள்ளியை விட்டவள். அம்மாவின் ஒவ்வொரு பிரசவமும் அவள் படிப்பிலிருந்து ஒரு வருஷத்தைத் தின்றது. அவளுக்கு வரிசையாக இரண்டு பெண் குழந்தைகள். மாமியார் "ஒரு பையன் பொறக்கட்டும்" என்று ஒற்றைக்காலில் நின்றார். நான் பேசிப் பார்க்கலாம் என்று போவதற்குள் அவளே துணை சுகாதார நிலையத்துக்கு வந்துவிட்டாள். "நர்ஸம்மா, ஆபரேஷனுக்கு என் பேரை எழுதிக்கோங்க. இதுங்க ரெண்டையும் படிக்க வெச்சாப் போதும்." பெண் குழந்தைகள் மட்டும் உள்ள வீட்டுக்காக 1992இல் தொடங்கிய பெண் குழந்தை பாதுகாப்புத் திட்டத்துக்கும் கருத்தடைச் சான்று கேட்டார்கள், அதுவும் ஒரு காரணம்தான். ஆனால் அவளைத் தள்ளிக்கொண்டு வந்தது பள்ளிக்கூடம். தான் போன பள்ளி அல்ல, மகள்கள் போகப்போகிற பள்ளி.

இதைப் பின்னாளில் ஒரு பயிற்சி வகுப்பில் புள்ளியியல் அதிகாரி ஒருவரிடம் சொன்னேன். கால்டுவெல் இதைத்தான் 1980இலேயே எழுதினார் என்றார். (ஒப்பிலக்கணக் கால்டுவெல் இல்லை, இவர் ஜான் கால்டுவெல், ஆஸ்திரேலிய மக்கள்தொகை ஆய்வாளர்.) எல்லோர் வீட்டுப் பிள்ளையும் பள்ளிக்குப் போகத் தொடங்கியதும் பிள்ளை சம்பாதிப்பது நின்று செலவு வைக்கிறது, பெற்றோர் எண்ணிக்கையைக் குறைக்கிறார்கள் என்பது அவர் வாதம். காமராசர் காலத்து மதிய உணவும் 1982இல் எம்ஜிஆர் விரிவாக்கிய சத்துணவும் வகுப்பறைகளை நிரப்பின. தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பில் 1992–93இல் இந்திய சராசரி ஒரு பெண்ணுக்கு 3.4 குழந்தை, தமிழ்நாட்டில் 2.5. 2005–06க்குள் நாம் 1.8க்கு வந்துவிட்டோம். படித்த பெண்களை மட்டும் வைத்து இவ்வளவு வேகமாக இறங்கியிருக்க முடியாது.

எனக்கு உறுத்துவது வேறொன்று. இறங்கியதெல்லாம் பெண்ணின் வயிற்றில் கத்தி வைத்து. 2019–21 கணக்கெடுப்பில் தமிழ்நாட்டில் கருத்தடை ஆபரேஷன் செய்துகொண்ட மனைவியர் சுமார் 58 சதவீதம், கணவர்கள் 0.1. நெருக்கடி நிலைக் காலத்தில், 1976–77இல், நாடு முழுக்க 80 லட்சம் பேருக்கு மேல் கருத்தடை செய்தார்கள், பெரும்பாலோர் ஆண்கள். கட்டாயப்படுத்திச் செய்த அந்தப் பயத்துக்குப் பிறகு அரசுகள் ஆண்கள் பக்கம் அதிகம் போகவில்லை. ஆண்களுக்கான தழும்பில்லாத வாசக்டமி சில நிமிட வேலை, தையல்கூடக் கிடையாது. நான் சொல்லிப் பார்க்காத வீடில்லை. ஆண்கள் நழுவுவதாவது எதிர்பார்த்தது. மனைவிகளே, "அவரு மூட்டை தூக்குறவரு, வேணாம்மா, எனக்கே பண்ணிடுங்க" என்பார்கள். அவளும் ஒரு மாதத்துக்குள் தலையில் தண்ணீர்க் குடம் ஏற்றப்போகிறவள்தான்.

சரி, மகள்கள் படித்தார்களா? படித்தார்கள். பெரியவள் பட்டதாரி, ஓசூரில் ஒரு கம்பெனியில் ஒப்பந்த வேலை. இருபத்தேழில் ஒரு குழந்தை. அதை ஊரில் வளர்ப்பது ஆபரேஷனுக்குப் பெயர் எழுதச் சொன்ன அந்த அம்மாதான். பேரனுக்காக நூறு நாள் வேலைக்குப் போவதை விட்டுவிட்டாள். சின்ன வயதில் தம்பி, இப்போது பேரன், இடுப்பு ஒன்றுதான்.

2025 மார்ச்சில் நாகப்பட்டினத்தில் ஒரு கல்யாண மேடையில் முதல்வர் ஸ்டாலின், மக்கள்தொகையை வைத்து நாடாளுமன்றத் தொகுதிகளை மறுவரையறை செய்யப்போவதைக் காட்டி, புதுமணத் தம்பதிகள் உடனே குழந்தை பெற்றுக்கொள்ள வேண்டும் என்றார். இரண்டு போதும் என்று வீடு வீடாகச் சொல்லி ஓய்ந்த எங்களுக்குச் சிரிப்பு வந்தது. அடுத்த முறை அந்த ஓசூர்ப் பெண் ஊருக்கு வந்தபோது கேலியாகக் கேட்டேன், முதல்வரே சொல்லிட்டாரே என்று. "சொல்லலாம் சிஸ்டர், யாரு பாத்துக்குவாங்க?" என்றாள். தமிழக அரசு ஊழியருக்குப் பேறுகால விடுப்பு 12 மாதம். தனியார் கம்பெனிப் பெண்களுக்கு 2017 சட்டத் திருத்தத்திலிருந்து 26 வாரம். ஒப்பந்தப் பெண்ணுக்கும் சட்டத்தில் அது உண்டுதான். முடிந்து வரும்போது ஒப்பந்தம் இருக்குமா என்பதுதான் அவள் பயம். அவள் கணவர் பேச்சிலேயே வரவில்லை, நானும் கேட்கவில்லை.

ஆபரேஷன் இப்போது வேண்டாம், மனசு மாறினாலும் மாறும் என்றாள். காப்பர்-டி சொன்னேன். ஐந்து வருஷத்துக்கு ஒன்று, பத்து வருஷத்துக்கு ஒன்று இருக்கிறது, எது வேண்டும்? பத்து வருஷத்தையே போடச் சொன்னாள்.