திருவனந்தபுரம் குறும்பட விழாவுக்குப் படம் அனுப்பிய அனுபவம்

கேரள மாநில சலச்சித்திர அகாதெமி 2008 முதல் நடத்திவரும் சர்வதேச ஆவணப்பட, குறும்பட விழாவுக்கு என் தமிழ்க் குறும்படத்தை அனுப்பி, அது தேர்வாகித் திரையேறும் வரை செய்யவேண்டியிருந்த வேலைகளை, அடுத்து அனுப்பவிருக்கும் நண்பர்களுக்காக இங்கே எழுதுகிறேன். படம் எடுப்பதைக் கற்றுத்தர நம்மிடையே பலர் இருக்கிறார்கள். எடுத்து முடித்த படத்தைத் திரையரங்கில் ஓடும் நிலைக்குக் கொண்டுவருவது பற்றி எனக்கு யாரும் சொல்லித்தரவில்லை.

விண்ணப்பத்தில் சிரமம் ஏதுமில்லை. கதைச்சுருக்கம், இயக்குநர் குறிப்பு, சில ஸ்டில்கள், கடவுச்சொல் இட்ட இணைப்பு ஆகியவற்றை முன்பே ஒரு கோப்புறையில் சேர்த்து வைத்திருந்தால் ஒரே அமர்வில் முடிந்துவிடும். பாடலோ பின்னணி இசையோ பிறருடையதாக இருந்தால் உரிமைக் கடிதத்தை அப்போதே வாங்கி வைத்துக்கொள்வது நல்லது.

சப்டைட்டிலுக்குத்தான் முதலில் நிறைய நேரம் பிடித்தது. குளச்சலில் வீட்டைப் பாகம் பிரித்துக்கொள்ளும் அண்ணன் தம்பி இருவரின் கதை அது. ஒருவர் முடிக்கும் முன்பே மற்றவர் தொடங்கிவிடுவார். திரையில் ஒரே நேரத்தில் இரண்டு வரிகளுக்கு மேல் நின்றால் பார்ப்பவர் முகங்களை விட்டுவிட்டு எழுத்தையே படித்துக்கொண்டிருப்பார் என்பதால், சண்டைக் காட்சியில் வசனத்தின் பாதியைத் துணிந்து விட்டுவிட்டேன். தமிழ் அறியாத ஒருவரை உட்காரவைத்துப் படத்தைக் காட்டியபோது, அவர் எந்த இடத்திலும் நிறுத்திக் கேள்வி கேட்கவில்லை.

அடுத்தது டிசிபி. திரையரங்கப் புரொஜெக்டரில் ஓட்டுவதற்கான இந்தக் கோப்புத் தொகுதியை டிசிபி-ஓ-மேட்டிக் என்ற இலவச மென்பொருளில் நாமே செய்துகொள்ளலாம். எங்கள் படம் நொடிக்கு 25 ஃபிரேம் கணக்கில் எடுக்கப்பட்டது. எல்லாத் திரையரங்குகளிலும் சிக்கலின்றி ஓடுவது 24. அப்படி மாற்றும்போது 18 நிமிடப் படம் 18 நிமிடம் 45 நொடியாக நீள்கிறது, அதோடு குரலும் சற்றுக் கனத்துவிடுகிறது. சுருதி மாறாமல் ஒலியை மட்டும் நீட்டித்தரும்படி ஒலிப்பொறியாளரிடம் கேட்டுச் சரிசெய்தோம்.

பிறகு நாகர்கோவிலில் ஒரு திரையரங்கில், காலைக்காட்சிக்கு முன்னால் வாடகை கொடுத்து ஓட்டிப் பார்த்தோம். இந்தச் செலவை யாரும் மிச்சம் பிடிக்க வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். நடு இருக்கையில் எல்லாம் சரியாகவே கேட்டது. இடது ஓரத்துக்கு மாறி உட்கார்ந்ததும், திரையின் வலப்புறம் நிற்கும் தம்பியின் குரல் எனக்குப் பக்கத்து ஸ்பீக்கரிலிருந்து வந்தது. இடம், வலம் என இரண்டே தடங்கள் கொண்ட ஸ்டீரியோ ஒலிக்கலவை என்பதால் திரைக்குப் பின்னால் நடுவில் இருக்கும் ஸ்பீக்கர் மௌனமாக இருந்திருக்கிறது. ஹெட்ஃபோனில் இது ஒருநாளும் தெரியவந்திருக்காது. வசனத்தை நடுத்தடத்தில் வைத்து ஆறு தடங்கள் கொண்ட 5.1 கலவையாக மீண்டும் செய்தோம்.

தணிக்கைச் சான்றிதழ் இல்லாத படங்களை விழாவில் காட்ட ஒன்றிய தகவல் ஒலிபரப்பு அமைச்சகத்தின் விலக்கு வேண்டும். அதை விழாக்குழுவே கேட்டுப் பெறுகிறது. பெரும்பாலும் இது படைப்பாளியின் கண்ணில் படாமலே முடிந்துவிடும் நடைமுறை. ஆனால் 2017இல் மூன்று படங்களுக்கு அந்த விலக்கு மறுக்கப்பட்டது. தேர்வுக்குழு ஏற்றுக்கொண்ட படத்தை விழாப் பார்வையாளர்கள் பார்ப்பதற்கு இன்னொரு அனுமதி எதற்கு என்பது எனக்கு இன்றும் விளங்கவில்லை.

தம்பானூரில், ரயில் நிலையத்திலிருந்து நடந்தே போய்விடும் தூரத்தில், விழா நடந்த கைரளி, ஸ்ரீ, நிளா என்ற மூன்று அரங்குகளும் ஒரே வளாகத்தில் இருக்கின்றன. எங்கள் காட்சியின்போது இடது ஓர இருக்கையைத் தேடிப்போய் உட்கார்ந்தேன். தம்பி நின்ற இடத்திலிருந்தே அவன் குரல் வந்தது. காட்சி முடிந்ததும் மாணவர்கள் சிலர் வெளிவாசலில் நிறுத்தி, தமிழும் மலையாளமும் கலந்து, எந்த லென்ஸ், எத்தனை நாள், எவ்வளவு செலவு என்று கேட்டார்கள். டிசிபிக்கும் ஒலிக்கலவைக்கும் ஆன தொகையைத்தான் முதலில் சொன்னேன், ஏனென்றால் அதை ஒதுக்கிவைக்காமல்தான் அவர்களில் பலரும் படம் தொடங்கியிருந்தார்கள்.