நாரா, ஜப்பான், மார்ச்

மார்ச் 1
கண் ஆபரேஷன் முடிந்தது. இவர் குப்புறவே படுத்திருக்க வேண்டுமாம். கண்ணுக்குள் விட்ட வாயுக்குமிழ் விழித்திரையை அழுத்திப் பிடிக்கும்வரை. எத்தனை நாள் என்று டாக்டர் சொல்லவில்லை.

மார்ச் 2
பக்கத்து வீட்டு அம்மா ஒரு தருமா பொம்மை கொடுத்தார். போதிதர்மர்தான், காஞ்சியிலிருந்து போனவர் என்று நாம் சொல்லிக்கொள்கிறோமே, அவரேதான். இங்கே கை கால் இல்லாமல் உருட்டி வைத்துவிட்டார்கள். கண் இரண்டும் வெறும் வெள்ளை. வேண்டிக்கொண்டு ஒன்றுக்கு மை வைக்க வேண்டும், பலித்தால் மற்றதற்கு. முதலில் இடது கண்தானாம். இவருக்கும் இடதுதான். வைத்தேன்.

மார்ச் 4
"ஏதாவது படி" என்றார், தலையணைக்குள்ளிருந்து. இங்குள்ள தோதாய்ஜி கோயில் பற்றிப் படித்தேன். 735இல் கியூஷூவில் தொடங்கிய பெரியம்மை, 737இல் அரசவையில் அதிகாரம் செலுத்திய ஃபுஜிவாரா சகோதரர் நால்வரையும் கொண்டுபோனது. 743இல் அரசர் ஷோமு பெரிய புத்தரை வார்க்க ஆணையிட்டார். 752இல் கண் திறப்பு. நம் ஸ்தபதிகளும் கண்ணைக் கடைசியில்தானே திறப்பார்கள்! தூரிகை பிடித்தவர் இந்தியாவிலிருந்து போன போதிசேனர். தூரிகையில் நீளக் கயிறு கட்டி, வந்தவர்கள் அதைப் பிடித்துக்கொண்டார்களாம். எல்லார் கையும் சேர்ந்து கண் வரைந்த கணக்கு.

அன்றைக்கு ஆபரேஷன் தியேட்டர் வாசலில் எனக்கு யாரும் கயிறு தரவில்லை.

மார்ச் 5
வலி இல்லை என்கிறார். பொய்.

மார்ச் 7
கஞ்சின். சீனத் துறவி. ஐந்து முறை கடல் தாண்ட முடியாமல், ஆறாம் முறை வந்து சேர்ந்தபோது பார்வை போயிருந்தது. 759இல் இங்கே தோஷோதாய்ஜி கோயிலை நிறுவினார். அங்கே அவர் சிலை கண்மூடி உட்கார்ந்திருக்கிறது.
இதை மட்டும் படித்துக் காட்டவில்லை.

மார்ச் 9
"போதும் சரித்திரம். கிரிக்கெட் ஸ்கோர் சொல்லு." சண்டை. வீட்டுக்கு வந்து பாத்திரம் தேய்த்தேன்.

மார்ச் 10
1180இல் தைரா குலத்தின் படை வைத்த தீயில் தோதாய்ஜி புத்தரின் தலை உருகி விழுந்தது. 1185இல் புதுத் தலை. கண் திறக்க ஷோசோயின் களஞ்சியத்திலிருந்து அதே பழைய தூரிகையை எடுத்துவந்தார்கள். பிடித்தவர் முன்னாள் அரசர் கோ-ஷிரகாவா. 433 வருடம் கழித்து, அதே தூரிகை! இரண்டாம் முறையும் திறக்கும். திறந்திருக்கிறது.

மார்ச் 12
தோதாய்ஜியின் நிகத்சுதோ மண்டபத்தில் இன்று பெரிய தீப்பந்தங்கள், பதினொன்று. 752 முதல் ஒரு வருடமும் விடாத சடங்கு. இது முடிந்தால்தான் குளிர் போகும் என்பார்கள். பந்தத்திலிருந்து உதிரும் கருகிய இலைத் துணுக்கு நோயை அண்டவிடாதாம். கூட்டத்தில் இடிபட்டு ஒன்றைப் பொறுக்கிக் கைக்குட்டையில் முடிந்தேன். நள்ளிரவுக்கு மேல் கிணற்றில் தண்ணீர் எடுப்பார்கள். அதுவரை நிற்கக் கால் வரவில்லை.

மார்ச் 13
எழுந்து உட்காரலாம் என்றார்கள். கண்ணுக்குள் தண்ணீர் மட்டம் போல ஒரு கோடு ஆடுகிறதாம். கோட்டுக்கு மேலே என் நெற்றி தெரிகிறதாம், கீழே இருட்டு. பத்தரைக்கு டாக்டர். தருமாவும் மையும் பையில் இருக்கின்றன.