அதே மாத்திரை

“அன்னிக்கு இதை நான் போட்டதுக்கு நீங்களே பயந்தீங்களே சிஸ்டர், இப்ப நீங்களே குடுக்கறீங்க?”

நான் சொன்ன விளக்கத்தில் தவறில்லை. ஆனாலும் அந்த முந்திரித் தோப்பு வழியாக வண்டியில் போகும்போதெல்லாம் இந்தக் கேள்வி வந்துவிடுகிறது.

குடற்புழு நீக்க முகாமில் பிள்ளைகளோடு 20 முதல் 30 வயதுப் பெண்களுக்கும் அல்பெண்டசோல் 400 மி.கி. பூச்சி மாத்திரை கொடுத்தோம். கர்ப்பிணிகளுக்குக் கிடையாது. “முழுகாம இருக்கியாம்மா?” என்று அந்தக் கேள்வி கேட்ட பெண்ணையும் அன்று கேட்டேன். இல்லையென்று தலையாட்டிவிட்டு மென்றாள். கேட்க வேண்டியதைக் கேட்டேன்தான். ஆனால் தலையாட்டும் முன் அவள் பக்கத்தில் நின்ற மாமியாரை ஒரு தரம் பார்த்தாள். அதை நானும் பார்த்தேன். முன்பு ஒருமுறை அவளுக்கு நாள் தள்ளி, ஊரெல்லாம் சொல்லி, அப்புறம் கலைந்துபோனது எனக்குப் பின்னால்தான் தெரிந்தது.

கர்ப்பப் பதிவுக்கு வந்தபோது நாளை எண்ணினேன். முகாமன்று ஆறு வாரம். என் முகம் மாறியதை அவள் கவனித்துவிட்டாள். டாக்டரம்மாதான் நிதானமாகப் பேசினார். விலங்குச் சோதனையில் கருவுக்குக் கெடுதல் தெரிந்ததால்தான் முதல் மூன்று மாதம் தவிர்க்கிறோம். தெரியாமல் போட்டுக்கொண்ட பெண்களிடம் அப்படி ஒன்றும் உறுதியாகவில்லை. கலைக்க வேண்டியதில்லை என்றார். ஐந்தாம் மாத ஸ்கேனும் நன்றாகவே இருந்தது.

ஆனால் ரத்தத்தில் ஹெச்பி (ஹீமோகுளோபின்) 8.2தான்; ரத்தச்சோகை. கீழிமையை இழுத்துப் பார்த்தால் வெளுத்த துணிபோல இருந்தது. குதிகால் வெடிப்புக்குள் செம்மண். குடலில் கொக்கிப்புழு இருக்கலாம், ஆனால் அது பிள்ளையிடம் போகாது என்று சொன்னேன். வெறுங்கால் தோல் வழியாக ஏறி, நுரையீரல் வரை போய், கடைசியில் குடலில் கவ்விக்கொண்டு தாயின் ரத்தத்தைக் குடிக்கும். பிள்ளைக்குப் போக வேண்டிய இரும்புச்சத்து அதில் போய்விடும்; குறைமாதத்திலோ எடை குறைந்தோ பிறக்கலாம். இந்த மாதத்தில் பிள்ளைக்கு உறுப்பெல்லாம் உருவாகிவிட்டிருக்கும், அதே மாத்திரையை இப்போது போடலாம் என்றேன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டுத்தான் அந்தக் கேள்வி.

பிறகு, “வீட்டுல போயி போட்டுக்கறேன் சிஸ்டர்” என்றாள்.

எங்கள் கண் முன்னால் போட வைக்க வேண்டும். தெரிந்தே கையில் கொடுத்தனுப்பினேன். பதிவேட்டில் ‘கொடுக்கப்பட்டது’ என்று எழுதினேன். அது பொய்யில்லை. ஒருமுறை அவள் கண்ணைப் பார்த்தும் பார்க்காததுபோல் கொடுத்தவள் நான். மறுபடி எந்த முகத்தோடு வற்புறுத்துவது? அவள் உடம்பு, அவள் முடிவு என்று விட்டதாகச் சில நாள் தோன்றுகிறது. சில நாள், அவள் பயத்தைப் போக்கும் வேலையிலிருந்து நழுவிவிட்டேன் என்று தோன்றுகிறது. மூன்று மாதம் முன்பு ஒன்று போட்டிருக்கிறாளே என்றும் சமாதானம் சொல்லிக்கொள்வேன். செருப்பில்லாமல் நடக்கிறவளுக்குப் புழு மறுபடி ஏற எத்தனை நாள் ஆகும்?

சத்து மாத்திரை இரண்டு வேளை, அப்புறம் இரும்புச்சத்து ட்ரிப்ஸ் என்று ஹெச்பியை ஒருவழியாக ஏற்றினோம். பெண் குழந்தை, 2.3 கிலோ. இரண்டரைக்குக் கீழே. காரணம் எத்தனையோ இருக்கலாம்.

பிரசவத்துக்குப் பின் மூன்று தடவை வீட்டுக்குப் போய்விட்டேன். குழந்தை நன்றாகப் பால் குடிக்கிறது. அந்த மாத்திரையைப் போட்டாளா என்று இன்னும் கேட்கவில்லை. ஒவ்வொரு தடவையும் மாமியார் பக்கத்திலேயே இருக்கிறார்.