வேலையைப் பற்றி மட்டும் ஒரே வரி

மற்றவர்கள் எழுதும் வாழ்க்கைக் கதைகளைச் செப்பனிட்டுக் கொடுப்பது என் வேலை. சிலர் நோட்டில் எழுதித் தருவார்கள், சிலர் போனில் பேசிப் பதிவு செய்து அனுப்புவார்கள், சிலரிடம் எதிரே உட்கார்ந்து கேட்டுத்தான் எழுத வேண்டும். இதில் எனக்குத் தீராத ஆதங்கம் ஒன்று உண்டு. படிப்பு, கல்யாணம், பிள்ளைகள், வியாதி, இழப்பு எல்லாம் விரிவாக வரும். முப்பது வருஷம் பார்த்த வேலை மட்டும் "பணியில் சேர்ந்தேன், நல்லபடியாக ஓய்வு பெற்றேன்" என்று ஒரே வரியில் முடிந்துவிடும். கேட்டால், "அதுல என்னங்க இருக்கு, போனேன், வந்தேன்" என்பார்கள்.

வீட்டில் இருப்பவர்கள் பார்க்காத மனிதர் அங்கேதான் இருக்கிறார் என்பது என் எண்ணம்.

அச்சகத்தில் எழுத்துக் கோத்த பெரியவர் ஒருவரும் அப்படித்தான் ஒரு பத்தியோடு நிறுத்தியிருந்தார். கை என்ன செய்யும், காட்டுங்களேன் என்றேன். இடது கையை, ஸ்டிக்கை, அதாவது எழுத்துகளை வரிசையாக அடுக்கும் சின்னத் தட்டை, பிடித்திருப்பதுபோல மடக்கி வைத்துக்கொண்டார், வலது கை தானாகவே, எதிரே எழுத்துப் பெட்டி இருப்பதுபோல, காற்றில் அறை அறையாகப் போய்வர ஆரம்பித்தது. ஈய எழுத்தின் உடம்பில் ஒரு சின்னப் பள்ளம் இருக்குமாம், கட்டை விரல் அதில் பட்டதுமே எழுத்து சரியாக உட்கார்ந்திருக்கிறதா என்று தெரிந்துவிடும், குனிந்து பார்க்க வேண்டியதில்லை. எழுத்துகள் எல்லாம் இடம் வலம் மாறியிருக்கும், அதையும் தலைகீழாக வைத்து இடமிருந்து வலமாகப் படித்துக்கொண்டே போக வேண்டும். அச்சானதும் ஒவ்வொன்றையும் பிரித்து அதனதன் அறையில் திரும்பப் போட வேண்டும், எழுத்து போதவில்லை என்றால் முந்தைய பக்கம் அச்சாகிப் பிரியும்வரை அடுத்த பக்கம் நகராது. பக்கத்தில் இருந்த மகள் நடுவில் கேட்டார்: "அதுக்குத்தான் கை கழுவுற வரைக்கும் எங்களைத் தூக்கமாட்டீங்களாப்பா?" "ஆமாம்மா, ஈயம்ல" என்றார். அந்தக் கேள்வியையும் பதிலையும் அப்படியே எழுதச் சொன்னேன்.

அமெரிக்காவில் ஸ்டட்ஸ் டெர்க்கல் என்ற வானொலிக்காரர் வேலை செய்கிறவர்களைப் பேசவிட்டே ஒரு பெரிய தொகுப்பை 1974-இல் வெளியிட்டார். சாப்பாடு பரிமாறுகிறவர், குப்பை அள்ளுகிறவர், கல் கட்டுகிறவர், தொலைபேசி இணைப்புக் கொடுக்கிறவர் எல்லாரும் அதில் இருக்கிறார்கள். நாள் முழுக்க என்ன செய்கிறீர்கள், அது உங்களை என்ன செய்கிறது என்பதுதான் அதில் விஷயமே.

எப்படி உணர்ந்தீர்கள் என்று நான் கேட்பதில்லை. கேட்டால் பெருமையாக இருந்தது, வருத்தமாக இருந்தது என்று பொதுவாகத்தான் பதில் வரும். முதல் நாள் எங்கே உட்காரச் சொன்னார்கள், யார் வேலை சொல்லிக்கொடுத்தார்கள், எந்த விதியை எல்லாரும் சேர்ந்து மீறினீர்கள், எந்தச் சத்தம் கேட்டால் ஏதோ கோளாறு என்று புரியும், இப்படிக் கேட்டால் பேச்சு நிற்காது.

ஞாபகம் ஏமாற்றும், அதையும் சொல்லியாக வேண்டும். 1986 ஜனவரி 28-இல் சேலஞ்சர் விண்கலம் வெடித்தது. அந்தச் செய்தியை எங்கே, எப்படிக் கேட்டீர்கள் என்று உளவியலாளர் அல்ரிக் நைசர் மறுநாளே மாணவர்களிடம் எழுதி வாங்கி வைத்தார். சுமார் இரண்டரை வருஷம் கழித்து அதே கேள்வியைக் கேட்டபோது, பலர் சொன்னது அவர்களே எழுதிக்கொடுத்ததோடு ஒட்டவில்லை, ஆனால் அடித்துச் சொன்னார்கள். அதனால் சம்பளச் சீட்டு, மாற்றல் உத்தரவு, பிரிவு உபசாரப் படம் என்று வீட்டில் இருப்பதையெல்லாம் எடுத்துவரச் சொல்வேன். காகிதமும் ஞாபகமும் முட்டிக்கொண்டால் இரண்டையும் எழுதிவிடலாம்: எனக்கு மழைக்காலம் என்று ஞாபகம், உத்தரவில் ஏப்ரல் என்று இருக்கிறது.

பகிர்வதில்தான் கவனம் வேண்டும். நர்ஸாக இருந்தவரிடம் நோயாளிகளின் கதை இருக்கும், வக்கீலிடம் கட்சிக்காரரின் கதை இருக்கும், அவை நம்முடையவை அல்ல. பெயரை மாற்றிவிட்டேனே என்பார்கள், ஆனால் ஊர், வருஷம், பதவி மூன்றையும் போட்டால் ஆள் யார் என்று தெரிந்துவிடும். மேலதிகாரி மேல் கோபமா, சரி, எழுதுங்கள், ஆனால் அவர் செய்ததையும் சொன்னதையும் மட்டும் எழுதுங்கள். கொடூரமானவர், அற்பமானவர் என்பதை எல்லாம் எடுத்துவிட்டால் கோபம் இன்னும் கூர்மையாகத் தெரியும், பலமுறை பார்த்துவிட்டேன்.

அப்புறம், உறவினர்களுக்குக் கொடுக்கும் முன்னால் கூட வேலை பார்த்த ஒருவரிடம் படிக்கக் கொடுக்கச் சொல்வேன். "அன்னைக்கு ராத்திரி ஷிஃப்ட்ல இருந்தது அவன் இல்லப்பா, நான்" என்று பதில் வரும், சில சமயம் இரண்டு பக்கத்துக்கு. அவர் சம்மதித்தால் அந்த இரண்டு பக்கத்தையும் அவர் எழுதினார் என்று குறிப்பிட்டு, அந்த அத்தியாயத்தின் கடைசியிலேயே சேர்த்துவிடுகிறோம்.