தூக்கம் இல்லை, வேறு ஏதோ

தூக்கம் வருகிறது என்று உதவியாளர் சொன்னால் என்ன செய்ய வேண்டும் என்று ரயில் ஓட்டும் லோகோ பைலட்கள் எல்லோருக்கும் தெரியும். எழுந்து நிற்கச் சொல்வோம், முகம் கழுவச் சொல்வோம், ஃபிளாஸ்கில் டீ மிச்சமிருந்தால் ஊற்றிக் கொடுப்போம். ஊர்க்கதை, பிள்ளைகளின் படிப்பு என்று எதையாவது பேசிக்கொண்டே வருவோம். ஆனால் அன்றைக்கு அந்தத் தம்பி சொன்னது தூக்கத்தைப் பற்றி இல்லை.

பொம்மிடி தாண்டியாகிவிட்டது. மேட்டூருக்குப் போகும் நிலக்கரி, 58 பெட்டி. விடியற்காலை மூன்றரை இருக்கும். "லோக்கூர் டிஸ்டன்ட், டபுள் எல்லோ" என்று எதிரே தெரிந்த சிக்னலைப் படித்துச் சொன்னார். நானும் திருப்பிச் சொன்னேன். கொஞ்ச நேரம் கழித்து, குரலில் எந்தப் பதற்றமும் இல்லாமல் கேட்டார்: "அண்ணா, வண்டி நிக்குது, தண்டவாளம்தான் நம்மளப் பாத்து வருதுன்னு தோணுது. சிக்னல் சொன்னது என் வாய்தான். ஆனா நான் சொன்ன மாதிரி இல்லை. உங்களுக்கு இப்படி ஆகியிருக்கா?"

"எழுந்து நில்லுங்க தம்பி, சேலம் வரைக்கும் நின்னுக்கிட்டே வாங்க" என்றேன்.

அவர் கேட்ட கேள்விக்கு அது பதில் இல்லை. ஆனால் அந்த நேரத்தில் செய்ய வேண்டியது அதுதான் என்று இன்றும் நினைக்கிறேன். ஏறக்குறைய 5,000 டன் பின்னால் வருகிறது. என் கண் சிக்னலில் இருக்க வேண்டும், ஒரு காது அவர் பேச்சில் இருக்க வேண்டும். உட்கார்ந்து மனம்விட்டுப் பேசும் இடம் இல்லை அது. ஒவ்வொரு சிக்னலுக்கும் கையை முழுதாக நீட்டி, உரக்கச் சொல்லச் சொன்னேன். ஜப்பானில் ரயில் ஓட்டுகிறவர்கள் நூறு வருடத்துக்கும் மேலாகச் செய்துவருவது இது. கண் பார்த்ததைக் கை காட்டி, வாய் சொல்லி, அதைக் காது கேட்கும்போது மனம் நழுவ இடம் குறைகிறது. டேனிஷ்பேட்டை, தின்னப்பட்டி எல்லாம் அப்படித்தான் வந்தோம். ஒரு சிக்னல்கூட அவர் தவறாகச் சொல்லவில்லை, தாமதமாகவும் சொல்லவில்லை. எனக்கு இன்றும் பயம் தருவது அதுதான். அவர் வாய் திறந்து சொல்லியிருக்காவிட்டால் எனக்குத் தெரிந்திருக்கவே வழியில்லை.

இன்ஜினில் வி.சி.டி. இருக்கிறது, ஓட்டுகிறவர் விழிப்பாக இருக்கிறாரா என்று பார்க்கும் கருவி. இன்ஜினின் இழுவையைக் கூட்டிக் குறைக்கும் நாட்ச் மாற்றாமல், ஹாரன் அடிக்காமல், பிரேக்கைத் தொடாமல் 60 வினாடி போனால் விளக்கு மினுக்கும். அதையும் கவனிக்காவிட்டால் பஸ்ஸர் அலறும், அதற்கும் அசையாவிட்டால் வண்டி தானாக நின்றுவிடும். நல்ல கருவி. ஆனால் அது கேட்பது கையோ காலோ அசைகிறதா என்று மட்டும்தான். பல வருடம் ஓட்டியவனின் கால், விளக்கு மினுக்கும் முன்பே அந்தக் கருவியின் பெடலை மிதித்துவிடும். அந்த மிதிப்பில் மனிதன் எவ்வளவு இருந்தான் என்று எந்தக் கருவிக்குத் தெரியும்? ஸ்பீடோமீட்டர் பதிவை எடுத்துப் பார்த்தாலும் வேகம் இருக்கும், பிரேக் இருக்கும், எல்லாம் சரியாக இருக்கும்.

எனக்கும் ஆகியிருக்கிறது. 2020 ஊரடங்கின்போது பயணிகள் வண்டிகள் நின்று, சரக்கு வண்டிகள் மட்டும் ஓடின. மொரப்பூர், சாமல்பட்டி என்று எந்த பிளாட்ஃபாரத்திலும் ஆள் இல்லை. ஸ்டேஷன் மாஸ்டர் மட்டும் நின்று பச்சைக் கொடி காட்டுவார், நானும் காட்டுவேன். ஒரு மத்தியானம் அப்படிக் கொடியைக் காட்டிக்கொண்டிருந்த கை யாருடையது என்று ஒரு கணம் தோன்றியது. வெளிச்சம் தட்டையாக இருந்தது. சத்தம் தூரத்திலிருந்து வந்தது. நான் ஓட்டுகிறேன் என்பது தெரிகிறது, ஆனால் ஓட்டுகிறவன் எனக்குச் சம்பந்தமில்லாதவன். சில நிமிடம்தான் இருந்திருக்கும். ஒரு மண்ணும் ஆகவில்லை. யாரிடமும் சொல்லவில்லை, மனைவியிடம்கூட.

அதனால்தான் அந்தத் தம்பி கேட்டபோது "ஆமாம், எனக்கும் ஆகியிருக்கு" என்று சொல்லியிருக்க வேண்டுமோ என்று திரும்பத் திரும்பத் தோன்றுகிறது. ஆறு வார்த்தைகூட ஆகாது. சொல்லியிருந்தால் தான் தனியாக இல்லை என்ற தைரியம் அவருக்கு வந்திருக்கும். சரி, அதே வார்த்தை அவரை இன்னும் மிரட்டியும் இருக்கலாமே? இன்ஜின் கேபினில் இரண்டு பேர்தான். இரண்டாவது ஆளும் அப்படித்தான் என்று நடு ராத்திரியில் கேட்க யாருக்குப் பிடிக்கும்?

வண்டியை லோக்கூரில் நிறுத்தி மாற்று ஆள் கேட்டிருக்கலாம் என்று சிலர் சொல்லலாம். நானும் யோசித்தேன். வண்டிகளின் ஓட்டத்தைக் கவனிக்கும் கன்ட்ரோலர் காரணம் கேட்பார். உடம்பு சரியில்லை என்றால், என்ன செய்கிறது என்பார். காய்ச்சலா, வயிற்றுப்போக்கா, நெஞ்சு வலியா? தண்டவாளம் நம்மைப் பார்த்து வருகிறது என்று நான் எப்படிச் சொல்வது? சொன்னால் அந்தப் பையனின் பெயர் அதோடு ஒட்டிக்கொள்ளும். மருத்துவப் பரிசோதனை, ரன்னிங் வேலையிலிருந்து தற்காலிகமாக விலக்கு, கிலோமீட்டர் அலவன்ஸ் போகும். வீட்டுக்கடன் கட்டுகிறவருக்கு அது சின்ன விஷயம் இல்லை. இந்தக் கணக்கு அவருக்கும் தெரியும். அதனால்தான் டியூட்டி முடித்து சைன் ஆஃப் போட்டுவிட்டு லாபி வாசலில் பையை மாட்டிக்கொண்டு நின்றபோது, "அண்ணா, யார்கிட்டயும் சொல்ல மாட்டீங்கல்ல?" என்றார். "சொல்ல மாட்டேன், போய் நல்லாத் தூங்குங்க" என்றேன்.

சேலம் வந்து சேர்ந்ததைவிட அந்த வாக்குதான் என்னை அதிகம் தொந்தரவு செய்கிறது.

ஏனென்றால் பிறகு எனக்குத் தெரிந்த ஒரு மருத்துவரிடம், யாருக்கு என்று சொல்லாமல் கேட்டேன். இது புதிதல்ல, 1898-லேயே லுடோவிக் துகா என்ற பிரெஞ்சுக்காரர் இதற்கு 'டிபர்சனலைசேஷன்' என்று பெயர் வைத்து எழுதியிருக்கிறார் என்றார். தூக்கம் கெட்டாலும், துக்கத்திலும், அதிர்ச்சியிலும் கொஞ்ச நேரம் இப்படி வந்து போவது பலருக்கு உண்டு. இது மனம் பிறழ்வது இல்லை, ஏனென்றால் உலகம் மாறிவிட்டது என்று அவர்கள் நம்புவதில்லை, அப்படித் தோன்றுகிறது என்றுதான் சொல்கிறார்கள். அந்தத் தம்பியும் 'தோணுது' என்றுதான் சொன்னார். எனக்குப் பெரிய நிம்மதி. அதற்குப் பிறகு மருத்துவர் சாதாரணமாக இன்னொன்று சொன்னார். சில வகை வலிப்பு நோயின் தொடக்கமும் இதே மாதிரி இருக்கலாம், அதனால் அடிக்கடி வந்தால் ஒருமுறை பார்த்துவிடுவது நல்லது என்றார்.

வாக்குக் கொடுத்தபோது இது எனக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் கொடுத்திருக்க மாட்டேன் என்று சொல்லிக்கொள்ள ஆசைதான். ஆனால் அந்த வாசலில் அந்த முகத்தைப் பார்த்து வேறு என்ன சொல்லியிருப்பேன்?

அவருக்கு போன் செய்து விஷயத்தைச் சொன்னேன். இந்த முறை எனக்கும் ஆனதைச் சொன்னேன். ரொம்ப நேரம் பேசாமல் இருந்தார். பிறகு "பாத்துட்டேன்ணா, ஒண்ணுமில்லைன்னுட்டாங்க" என்றார். எங்கே, எந்த டாக்டரிடம் என்று நான் கேட்கவில்லை. கேட்டால் விசாரணை மாதிரி ஆகிவிடும் என்று நினைத்தேன். அவர் இன்று குட்ஸ் வண்டி ஓட்டுகிறார், ஒரு குறையும் இல்லை. நான் செய்தது சரி என்பதற்கு அது சாட்சி ஆகாது, எதுவும் நடக்கவில்லை, அவ்வளவுதான்.

ஒன்று மட்டும் நிச்சயம் சொல்வேன். என்னோடு வந்தவர்களில் அன்றைக்கு அவரைவிட விழிப்பாக இருந்தவர் யாருமில்லை. தன் மனம் விலகுவதைத் தானே பார்த்து, பக்கத்து ஆளிடம் சொன்னார். நான் 2020-இல் அதைச் செய்யவில்லை.

இப்போது புதிதாக யார் வந்தாலும் சைன் ஆன் முடிந்து இன்ஜினில் ஏறும்போதே, "தூக்கம் மட்டும் இல்லை, எது மாதிரி இருந்தாலும் என்கிட்ட சொல்லுங்க" என்று சொல்லிவிடுகிறேன். போன மாதம் ஒருவர், "சொன்னா என்ன பண்ணுவீங்க சார்? ரிப்போர்ட் பண்ணுவீங்களா?" என்று கேட்டார். நியாயமான கேள்வி. "டாக்டர்கிட்ட நானே கூட வர்றேன்" என்றேன். ரிப்போர்ட் பற்றி அவர் மறுபடியும் கேட்டார். அதற்குள் கிளம்பச் சொல்லும் ஸ்டார்ட்டர் சிக்னல் விழுந்துவிட்டது, கிளம்பினோம். கிளம்ப இன்னும் நேரம் இருந்திருந்தாலும் அவருக்குக் கொடுக்க என்னிடம் பதில் இல்லை.