திருவட்டாற்றில் ஒரு மாலை தரிசனம்

கன்னியாகுமரி மாவட்டத்தில் உள்ள திருவட்டாறு ஆதிகேசவப் பெருமாளை ஒரே பார்வையில் முழுமையாகத் தரிசிக்க இயலாது. தெற்கே தலையும் வடக்கே திருவடியுமாக, மேற்கு நோக்கி, 22 அடி நீளத்தில் அனந்தன்மேல் பள்ளிகொண்டிருக்கும் பெருமானின் திருமுகத்தை ஒரு வாசலிலும், திருக்கரத்தை அடுத்த வாசலிலும், திருவடிகளை மூன்றாவது வாசலிலும் நின்று சேவிக்க வேண்டும்.

அப்பாவின் முதலாண்டுத் திதி முடிந்த பிறகு அம்மாவை அழைத்துக்கொண்டு சென்றிருந்தேன். நம்மாழ்வார் பாடிய தலம் என்பதால் அப்பாவுக்கு இக்கோயிலின்மேல் தனிப் பற்று உண்டு.

இங்கே மூலவர் கல்லால் ஆனவர் அல்லர். 16,008 சாளக்கிராமங்களை உள்ளடக்கி, கடுசர்க்கரை யோகம் என்னும் முறையில் பக்குவப்படுத்திய கலவையைப் பூசி உருவாக்கிய திருமேனி என்பது மரபு. நீர் பட்டால் கேடு என்பதால் மூலவருக்கு அபிஷேகம் கிடையாது. காலப்போக்கில் தேய்ந்த திருமேனியைச் செப்பனிட்டு, 1604-ஆம் ஆண்டுக்குப் பின் 2022 ஜூலை 6 அன்றுதான் மீண்டும் கும்பாபிஷேகம் நடந்தது. இடைப்பட்ட நானூறு ஆண்டுகளில் இந்த ஊரில் பிறந்து, தினமும் வந்து தொழுது, ஒரு கும்பாபிஷேகத்தையும் காணாமலே மறைந்தவர்கள் எத்தனை தலைமுறையினர்!

இதையெல்லாம் திருவடி வாசலருகே நின்று அம்மாவிடம் மெதுவாகச் சொன்னேன். அப்பாவை இன்னும் நல்ல மருத்துவரிடம் காட்டியிருக்கலாமோ என்று ஓராண்டாகத் தன்னையே நொந்துகொண்டிருந்தவர், சற்று நேரம் பேசாமல் நின்றுவிட்டு, “பெருமாளுக்கே மேலுக்கு வைத்தியம் பாக்க வேண்டியிருக்கு மக்ளே, அப்பாவுக்கு நாம எவ்வளவுதான் பாத்திருக்க முடியும்?” என்றார். எத்தனையோ பேர் சொன்ன ஆறுதல் செய்யாததை அந்தத் திருமேனி செய்தது என்றே நான் நம்புகிறேன்.

வெளியே வந்தால் எல்லாம் கருங்கல். பிராகாரத்தின் 224 தூண்களிலும் பாவைகள் விளக்கேந்தி நிற்கின்றனர். முகம், கொண்டை, இடையாடையின் மடிப்பு என்று சிற்பி ஒவ்வொருத்திக்கும் வேறுவேறாகச் செதுக்கியிருக்கிறார். அருகில் சென்று பார்த்தால் அகல் ஏந்திய விரல்களின் இடுக்கில் எண்ணெய்ப் பிசுக்கு கறுத்துப் படிந்திருக்கிறது. பலிபீட மண்டபத்தில் மன்மதனும் ரதியும் ஆளுயரத்துக்கு நிற்கிறார்கள். சிவனின் நெற்றிக்கண்ணால் எரிந்துபோனவன் ரதியின் கண்ணுக்கு மட்டும் உருவத்தோடு தெரிவான் என்பது புராணம். உருவமே இல்லாதவனை இத்தனை உறுதியான கல்லிலும், அழிவற்றவனைத் தேயும் கலவையிலும் வடித்த அந்தப் பழையவர்களின் துணிவை எண்ணி வியக்கிறேன். கலையைப் பற்றி நான் படித்த எதுவும் இவ்வளவு தெளிவாக எனக்கு விளங்கியதில்லை. அம்மா ரதியின் முன்னால் வெகுநேரம் நின்றார். நான் அவரை அவசரப்படுத்தவில்லை.

புரட்டாசியிலும் பங்குனியிலும் சில நாட்கள், மறையும் சூரியனின் கதிர் கருவறைக்குள் புகுந்து பெருமாளின் மேனியில் படும். வரும் புரட்டாசியில் மறுபடியும் வர வேண்டும் என்றும், கூட்டம் சேர்வதற்கு முன்பே திருமுக வாசலில் இடம் பிடித்துவிட வேண்டும் என்றும் பேருந்தில் ஏறுவதற்குள் அம்மா முடிவு செய்துவிட்டார்.